புது வீட்டின் கீழ் அறையில் நாற்றமா? உடைப்பதற்கு முன் கேளுங்கள்

மதுரையில் 20 வருடத்துக்கு மேலாக வீட்டு பிளம்பிங், ட்ரைனேஜ் வேலை பார்க்கிறேன். புது வீட்டில், அதுவும் தரைக்குக் கீழே இருக்கும் அறையில், ஏதோ வாடை வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (கூடல்நகர்): அண்ணே, பால் காய்ச்சி மூன்று மாதம் ஆகிறது. கீழே கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு அறையும் பாத்ரூமும் இருக்கு. காலையில் கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம், மதியத்துக்குள் போய்விடுகிறது. டைல்ஸை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: உடைக்க விடாதீங்க தம்பி. ராத்திரி முழுக்கப் பூட்டிய அறையில் சேர்ந்த நாற்றம் கதவு திறந்ததும் கலைந்துபோகிறது, அவ்வளவுதான். அந்த பாத்ரூமை யாராவது புழங்குகிறார்களா என்று முதலில் பாருங்கள். தரைச் சல்லடைக்குக் கீழே நானி ட்ராப் இருக்கும். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயு மேலே வராமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில், புழங்காத பாத்ரூமில் சில வாரத்திலேயே அது வற்றிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மேலாக இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

அப்புறமும் நாறினால், வாஷ்பேசின் குழாய், வாஷிங் மெஷினுக்கு விட்ட குழாய் என்று எல்லா வாயிலும் படுக்கப் போகும்முன் மெல்லிய பாலிதீன் பை கட்டுங்கள். தரைச் சல்லடைக்கு டேப் ஒட்டிவிடலாம். அண்ணாநகரில் ஒரு வீட்டில் இப்படிக் கட்டிவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தேன். மற்றதெல்லாம் துவண்டு கிடந்தன, வாஷிங் மெஷின் குழாயில் கட்டியது மட்டும் பூரி மாதிரி உப்பி நின்றது. ட்ராப்பே வைக்காமல் நேராகச் சேம்பரில் (சாக்கடைக் குழாய்கள் சேரும் தொட்டி) சேர்த்திருந்தார்கள். தண்ணீர் தேங்கி நிற்கிற வளைகுழாயான பி ட்ராப் ஒன்று மாட்டியதோடு சரி, ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை.

கேள்வி (தெப்பக்குளம் பக்கம்): சார், எங்கள் வீட்டில் சாக்கடை வாடை இல்லை. ஈரச்சாக்கு வாடை. ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது.

பதில்: அது உப்பு. மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறி, காயும்போது உப்பை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. தெப்பத்தில் தண்ணீர் நின்றால் சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறும். போர்வெல்லுக்கு நல்லது, தரைக்குக் கீழ் சுவருக்குத்தான் சோதனை. ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைத் தொடுகிற பக்கம் வியர்த்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே குறையும். மண்ணிலிருந்து வந்தால் உள்ளே பெயின்ட் அடித்துப் பயனில்லை, உரிந்துவிடும். வெளிப்பக்கம் தோண்டி வாட்டர்ப்ரூஃபிங் செய்வதுதான் வழி. செலவு அதிகம்தான், ஆனால் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிற காசை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி (திருநகர்): அண்ணா, அழுகிய முட்டை நாற்றம். செப்டிக் டேங்கை இரண்டு தடவை சுத்தம் செய்துவிட்டோம். கீழ் அறையில் இன்வெர்ட்டரும் பழைய சாமானும் தவிர எதுவும் இல்லை.

பதில்: அந்த இன்வெர்ட்டர் பேட்டரியாகத்தான் இருக்கும்மா. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிச் சூடானால் அதே முட்டை நாற்றம்தான் வரும். பக்கவாட்டில் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள், தொட வேண்டாம். மாடியில் இருக்கும் எம்சிபி சுவிட்சை (கரண்டைத் துண்டிப்பது) இறக்கிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பேட்டரிக்காரரை வரச் சொல்லுங்கள். தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. அந்த வாயு தீப்பிடிக்கும்.

கேள்வி (மேலூர்): மாமனார், செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து ஆளை இறக்கிப் பார்த்துவிடலாம் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே இல்லையே என்று தோன்றுகிற நேரத்தில் ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றமும்கூட. கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கு 14420-ல் கூப்பிடுங்கள். டேங்கின் காற்றுக்குழாய் வீட்டு உச்சிக்கு மேல் 2 மீட்டர் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வில்லாபுரம்): கீழ் அறையில் கூடுதல் சிலிண்டர் வைத்திருக்கிறோம். லேசாக கேஸ் வாடை.

பதில்: இதைப் படித்ததும் எழுந்து போங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். தரைக்குக் கீழே சிலிண்டர் வைக்கவே கூடாது.

கேள்வி (கூடல்நகர், மறுபடியும்): அண்ணே, பை கட்டிப் பார்த்தேன். உப்பியது ஏசி தண்ணீர்க் குழாய்!

பதில்: அதைச் சேம்பரிலிருந்து பிடுங்கிச் செடிப் பக்கம் திருப்பி விடுங்க தம்பி. சேம்பரில் இருக்கிற ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்க மறக்காதீங்க.