கலர் லைற்றா, சுற்றுவட்டமா? நடுவில் தூண் நட்டால் அது சுற்றுவட்டம் ஆகாது

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு நாற்சந்தியடியில் எங்கள் வீடு. றோட்டுக்குக் காபெற் (வழவழப்பான தார்) போட்ட பிறகு சந்தியில் அடிக்கடி மோதல். கலர் லைற் (சமிக்ஞை விளக்கு) வேண்டுமென்று சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். சுற்றுவட்டம்தான் வரப்போகிறது என்றும் கதை. மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவள். சுற்றுவட்டம் அவளுக்கு ஆபத்தில்லையா? மதில் உடைபடும், நட்டஈட்டைக் கூட்டி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் முற்பணம் வேறு கேட்கிறார்.

பதில்: சரியாகக் கட்டிய ஒற்றை வரிசைச் சுற்றுவட்டம் உங்கள் சந்திக்குக் கலர் லைற்றை விடப் பாதுகாப்பானது. காரணம் எளிது. நாற்சந்தியில் உயிரை எடுக்கிறவை இரண்டு மோதல்கள். ஒன்று, குறுக்கே போகிறவரின் விலாவில் இடிப்பது. மற்றது, வலப்பக்கம் திரும்புகிறவர் எதிரே வருகிறவருக்கு முன்னால் வெட்டுவது. சுற்றுவட்டத்தில் எல்லோரும் இடப்பக்கமாகவே நுழைந்து இடப்பக்கமாகவே வெளியேறுவதால் இந்த இரண்டுக்கும் இடமில்லை. நாற்சந்தியில் வாகனத்தோடு வாகனம் சந்தித்து மோதக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றை வரிசைச் சுற்றுவட்டத்தில் 8.

அதைவிட முக்கியம் வேகம். வளைந்து போக வேண்டியிருப்பதால் 50 கிலோமீற்றரில் வந்தவர் 25, 30க்கு இறங்கியே ஆகவேண்டும். வேகம் பாதியானால் மோதலின் சக்தி நாலில் ஒன்றாகிறது. அப்போதும் மோதல் நடக்கும், ஆனால் நசிவது தகரம். அமெரிக்காவில் ஸ்ரொப் பலகையோ விளக்கோ இருந்த 24 சந்திகளைச் சுற்றுவட்டமாக்கிப் பார்த்தபோது காயம் ஏற்பட்ட விபத்துகள் 76 வீதம் குறைந்தன. கலர் லைற் ஒருவரையும் மெதுவாக்காது. பச்சை மாற முன் பிடிக்க மிதிப்பவரும், இரவு 10 மணிக்குச் சிவப்பைக் கவனிக்காதவரும் முழு வேகத்தில்தான் வருவார்கள். கரண்ட் போனால் விளக்கும் இல்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

இனித்தான் என் பெரிய எச்சரிக்கை. சந்தி நடுவில் ஒரு பீப்பாவையோ தூணையோ வைத்துவிட்டுச் சுற்றுவட்டம் என்று பெயர் சூட்டுவது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. றோட்டு நேரே வந்து நேரே போனால் ஒருவரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். இரவில் அந்தத் தூணிலேயே போய் இடிப்பார்கள். உண்மையான சுற்றுவட்டத்துக்கு வெளிவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 28 மீற்றராவது வேண்டும். வட்டத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு வாசலிலும் றோட்டைப் பிரிக்கும் நடுத்திட்டு வேண்டும், அதுதான் வண்டியை இடப்பக்கம் வளைக்கிறது. வாசல் அகலம் 4 மீற்றரளவில் நிற்க வேண்டும். அகட்டினால் இரண்டு வண்டி பக்கத்துப் பக்கமாக நுழையும், கிடைத்த பாதுகாப்பும் போய்விடும். நடுத்தீவைச் சுற்றி பஸ், லொறியின் பின்சில்லு ஏறக்கூடிய தாழ்ந்த விளிம்பு தேவை. இடம் போதாவிட்டால் 1 முதல் 4 மீற்றர் விட்டமுள்ள தாழ்ந்த வெள்ளைக் குமிழ் வைக்கலாம். அதுவும் வாகனங்கள் ஏற்கனவே மெதுவாக வருகிற றோட்டுகளில் மட்டும்.

நடுத்தீவில் சிலை, விளம்பரப் பலகை வைக்க உபயகாரர் தேடி வருவார்கள். சந்தியை அழகாக்குகிறோம் என்பார்கள். விளிம்போரமாக எது வைத்தாலும் வலப்பக்கம் வருகிற சைக்கிள் மறையும். கல்வெட்டு வாசிக்கிறவனின் கண் றோட்டில் இருக்காது. வாசலடியில் ஓட்டோத் தரிப்பிடம் கொடுப்பதும் இதே தவறுதான்.

விதி ஒன்றுதான்: வட்டத்துக்குள் இருப்பவருக்கு, அதாவது உங்கள் வலக்கைப் பக்கமாக வருகிறவருக்கு, வழிவிட வேண்டும். 1966இல் பிரித்தானியா இதைக் கட்டாயமாக்கிய பிறகுதான் சுற்றுவட்டங்கள் இறுகி நிற்பது தீர்ந்தது. நேரே போவதற்கு நாலு சிக்னலையும் போடுவது பிழை, இடப்பக்கம் நிற்பவருக்கு நீங்கள் திரும்பப் போவதாகத்தான் தெரியும். நீங்கள் வெளியேறும் வழிக்கு முந்திய வழியைத் தாண்டியதும் இடது சிக்னலைப் போடுங்கள்.

மகளின் விடயத்தில் உங்கள் பயம் நியாயமானது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 91 சுற்றுவட்டங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவுப்படி, சைக்கிள்காரர் காயப்பட்ட விபத்துகள் 27 வீதம் கூடியிருந்தன. கார்களுக்குக் கிடைத்த நன்மை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நுழைகிறவரின் கண் பெரிய வாகனத்தைத்தான் தேடும், முன்னால் சுற்றி வருகிற சைக்கிள் அதில் பதியாது. உள்ளே போனபிறகு கரையோரமாக ஓடுகிற சைக்கிளை முந்திவிட்டு, உடனே அதற்குக் குறுக்கே இடப்பக்கம் வெளியேறுவார்கள். ஆகவே வட்டத்துக்குள் கரையோரம் சைக்கிளுக்குத் தனிக்கோடு கீறுவது பொறி. யாராவது அப்படி வரைபடம் கொண்டுவந்தால் எதிர்த்து நில்லுங்கள்.

மகள் செய்ய வேண்டியது இது. சந்திக்கு 15, 20 மீற்றர் முன்பே பின்னால் திரும்பிப் பார்த்து, வரிசையின் நடுவுக்கு வரட்டும். வெளியேறும்வரை நடுவிலேயே நிற்கட்டும். வெளியேற முன் இடக்கையை நீட்டட்டும். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள் என்று கரைக்கு ஒதுங்கவே கூடாது. பஸ், டிப்பரின் இடப்பக்கத்தில் நின்றபடி நுழையக் கூடாது, பின்சில்லு உள்ளே வெட்டி வரும். சின்னப் பிள்ளையென்றாலோ மழை இருட்டென்றாலோ இறங்கி உருட்டிக்கொண்டு பாதசாரிக் கடவையால் கடக்கட்டும். கடவை வட்டத்தின் வாயில் இல்லாமல் ஒரு கார் நீளம், 6 மீற்றரளவு, தள்ளி இருக்க வேண்டும். பாதி கடந்து சைக்கிளோடு காத்து நிற்க நடுத்திட்டும் 2 மீற்றர் அகலம் வேண்டும். சைக்கிளின் நீளம் 1.8 மீற்றரளவு என்பதால் அதிலும் குறைந்தால் முன்சில்லோ பின்சில்லோ றோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

மதில் மூலையில் இருந்தால் போகவும் கூடும். ஆனால் முற்பணம் கேட்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டப்படி 2ஆம் பிரிவு அறிவித்தல் காணி பொருத்தமா என்று பார்ப்பதற்கு மட்டுமே. 7ஆம் பிரிவு அறிவித்தல் வந்தபிறகுதான் உரிமை கோர வேண்டும். அதையும் காணி உறுதி, வரைபடத்துடன் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். பெறுமதியைத் தரகர் தீர்மானிப்பதில்லை.

எங்களிடம் றோட்டை அகட்டிக் காபெற் போட அவசரம் இருக்கிறது. அதனால் கூடுகிற வேகத்துக்குச் சந்தியைத் திருத்த ஒருவருக்கும் அவசரம் இல்லை. கேட்டால், அது மற்றக் கந்தோரின் வேலை என்பார்கள். அதனால் முதலில் றோட்டு யாருடையது என்று அறியுங்கள். ஏ, பி தரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ உரியவை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் சந்தியின் வரைபடத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கையெழுத்துத் தாளில் "கலர் லைற் வேண்டும்" என்பதை வெட்டிவிட்டு, ஒற்றை வரிசைச் சுற்றுவட்டம், நாலு வாசலிலும் 2 மீற்றர் நடுத்திட்டு, 6 மீற்றர் தள்ளிய கடவை என்று எழுதுங்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரமும் விடுகிற நேரமும் ஒவ்வொரு மணித்தியாலம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை சைக்கிள்களைத் தனியாக எண்ணி, அந்தக் கணக்கையும் கூட இணையுங்கள்.