பார்க்க ஆள் இல்லாத ஊரில் விசுவாசம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தபோது நான் ஜெர்மனியிலிருந்து விடுப்பில் நீலகிரியில் உள்ள கேத்திக்கு வந்திருந்தேன். பதிலையும் இங்கிருந்தே எழுதுகிறேன். கோத்தகிரியில் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, உபவாசக் கூடுகை என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் நின்ற நீங்கள், செவிலியர் வேலைக்காக ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்த பிறகு ஆலயத்துக்குப் போனாயா என்று கேட்க ஒருவரும் இல்லாமல், போகாமலே சில ஞாயிறுகளைக் கழித்துவிட்டதாகவும், அப்படியானால் இதுவரை என்னிடம் இருந்தது விசுவாசமா அல்லது ஊருக்குச் செய்த மரியாதையா என்று தூக்கம் வராமல் யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே, மருத்துவமனையில் சாப்பாட்டுக்கு முன் கண்மூடக் கூச்சமாக இருக்கிறது, தமிழ் ஐக்கியத்தில் சாட்சி சொல்லும்படி நெருக்குகிறார்கள், அம்மா ஞாயிறுதோறும் ஆலயத்தில் எடுத்த படம் கேட்கிறார்கள், விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுவதால் மறுபடி நிரப்ப வேண்டிய முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நீங்களும் உங்களுடன் தங்கப்போகும், உதகை காந்தலைச் சேர்ந்த கத்தோலிக்கத் தோழியும் குழம்புகிறீர்கள்.

முதலில் அந்தச் சந்தேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊர்க் கண்ணுக்காக நாம் ஆலயத்துக்குப் போனோம் என்பது ஓரளவு எல்லோருக்கும் உண்மைதான். ஆனால் அதற்காக ஊர்க் கண்ணை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. மலைப்பாதை ஓரத்துக் கைப்பிடிச் சுவர் போல, நடை பழகாத வயதில் அது நம்மைப் பள்ளத்தில் விழாமல் காத்தது. இப்போது சுவர் இல்லாத பாதைக்கு வந்திருக்கிறீர்கள். சில ஞாயிறுகள் போகாமல் இருந்ததை வைத்து, சிறு வயதிலிருந்து நீங்கள் செய்த ஜெபம் எல்லாம் பொய் என்று தீர்ப்பெழுத வேண்டாம். போகாத ஞாயிறுகளில் உங்களுக்கு உறுத்தியது எது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்: யாராவது அறிந்துகொள்வார்களோ என்ற பயமா, அல்லது ஒருவரோடு பேசாமல் விட்ட குறையா? இந்த இரண்டையும் உங்களைத் தவிர வேறு யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

அங்குள்ள ஆலயங்களில் ஞாயிறு காலையில் பெரும்பாலும் முதியவர்கள் சிலர் சிதறி உட்கார்ந்திருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் மட்டும் நிற்க இடம் இருக்காது. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஜெர்மனியில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார்கள். அந்தச் சமூகத்தில் ஆலயத்துக்குப் போவதால் ஒருவருக்கும் மதிப்புக் கூடுவதில்லை. சில இடங்களில் குறையவும் கூடும். இதைக் கேட்டுத் துக்கப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. புகழ் கிடைக்காத இடத்தில், குளிர்காலக் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்காரும் அந்த முதியவர்களுக்கு அங்கே வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

நீங்கள் போயிருக்கும் பகுதிக்கும் நம் மலைக்கும் பழைய உறவு உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜரின் முயற்சியால் 1846இல் கேத்தியில் ஊழியம் தொடங்கிய, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மிஷனரி சங்கமான பாசல் மிஷனில் வூர்ட்டம்பெர்க் பகுதியைச் சேர்ந்தவர்கள் மிகப் பலர். ஷ்டுட்கார்ட் அந்தப் பகுதியின் தலைநகரம். அங்கே பக்தியுள்ள குடும்பங்கள் வீடுகளில் கூடி வேதம் வாசித்து ஜெபிப்பதற்கு 1743ஆம் ஆண்டிலேயே அரசாணை மூலம் அனுமதி கிடைத்தது. மணிக்கூண்டும் பிரசங்க மேடையும் இல்லாத அந்த வீட்டுக் கூடுகைகளில் வளர்ந்தவர்களே இங்கே ஏறி வந்தார்கள். நீலகிரி மலை மக்களான படகர்களுக்குள் முதல் ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கிராமம் கிராமமாக நடந்தும், தலைமையகத்துக்கு எழுதிக் காட்ட அந்த மக்களிலிருந்து ஒரு பெயர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு அப்படிப் பன்னிரண்டு ஆண்டு அறிக்கை அனுப்பினால் எந்த ஸ்தாபனம் பொறுத்துக்கொள்ளும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தருமம், ஜெபம், உபவாசம் என்ற மூன்றையும் அடுத்தடுத்து எடுத்துப் பேசுகிறார். மனுஷர் காணும்படி இவற்றைச் செய்கிறவர்கள் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று மூன்று முறையும் சொல்கிறார். அவர்கள் கேட்டது மனிதரின் பாராட்டு, அது கிடைத்தும்விட்டது, பாக்கி ஒன்றும் இல்லை என்பதுதான் அங்கே இருக்கும் பயங்கரம். நாம் வளர்ந்த சபைகளில் இந்த மூன்றில் அதிகம் கெட்டுப்போனது தருமம்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்துச் சபைகளின் அறுப்பின் பண்டிகை உங்களுக்கும் பழக்கமானதுதான். முன் மேசையில் முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலைப் பொட்டலங்களும் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். ஒரு கோழிமுட்டை ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகும்போது ஒலிபெருக்கியில் பெயரும், தகப்பனார் பெயரும், பார்க்கும் உத்தியோகமும் சேர்ந்து ஒலிக்கும். அந்தச் சிரிப்பும் சந்தடியும் எனக்கும் பிடிக்கும். அந்தப் பணத்தில் ஆலயக் கூரைகள் பழுதுபார்க்கப்பட்டிருக்கின்றன என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் காலையில் தன் தோட்டத்து வெள்ளைப்பூண்டை இரண்டு கொத்தாகக் கட்டி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போன அம்மா, ஏலம் தொடங்குவதற்குள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கையைத் தொகையோடு வாசிக்கும் வழக்கம் உள்ள சபையில், வாசிக்கத்தக்க தொகை இல்லாதவர்கள் பிறந்தநாளையே மறந்ததுபோல் இருந்துவிடுகிறார்கள்.

ஷ்டுட்கார்ட்டில் நான் போகும் ஆலயத்தில் காணிக்கைக் கூடை வாசலருகே இருக்கும். இன்றைய காணிக்கை எதற்குப் போகிறது என்பதை மட்டும் ஆராதனையில் அறிவிப்பார்கள். வெளியே போகும்போது போட வேண்டியதைப் போட்டுவிட்டு, ஆயர் நீட்டும் கையைக் குலுக்கிவிட்டு நடையைக் கட்டலாம், போடாமலும் போகலாம். முதலில் எனக்கு அது உப்பில்லாத பண்டம்போல் இருந்தது. அந்தச் சப்பில்லாமையிலேயே சில மாதங்கள் இருந்து பாருங்கள் என்பதுதான் உங்களுக்கு என் ஆலோசனை. உபவாசத்துக்கும் இதே முறைதான்: இரவுப் பணி உள்ள நாளில் வேண்டாம், மற்ற நாளில் இருந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

தமிழ் ஐக்கியத்தைப் பற்றிக் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் அதை நீங்கள் விட்டுவிடக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும்போது ரசம் கொண்டுவந்து தருகிறவர்களும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் காலையில் காரில் அழைத்துப்போகிறவர்களும் அங்கிருந்துதான் வருவார்கள். ஆனால் சாட்சி நேரம் பல இடங்களில் வெற்றிக் கணக்கு வாசிக்கும் நேரமாகிவிட்டது. விசா கிடைத்தவர், நிரந்தர வேலை கிடைத்தவர், வீடு வாங்கியவர் எழுந்து பேசுகிறார்கள். விசா மறுக்கப்பட்டவரும், மொழித் தேர்வில் மறுபடி தவறியவரும் தங்கள் விசுவாசத்தில்தான் ஓட்டை இருக்கிறதோ என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். எங்கள் கூடுகையில், 1983க்குப் பிறகு வந்த ஈழத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்து நின்று சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நிற்கையில் அவர் நாற்காலிகளை நான்கு நான்காக அடுக்கி, மண்டபத்தைத் தந்த ஜெர்மன் சபையார் வைத்திருந்த வரிசையிலேயே திரும்ப வைப்பார். ஆகவே உங்களை நெருக்கினால், "இப்போது வேண்டாம் அக்கா, சொல்ல இருக்கும்போது நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுங்கள். ஒரு முறை, இரண்டு முறை முகம் சுளிப்பார்கள்; பிறகு பழகிவிடும். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்க் கண்ணையும் கூடவே கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி மருத்துவமனை. சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்காமல் விடுவதற்கு "அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு" என்ற வசனத்தையே நீங்கள் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. கோத்தகிரியில் பிறர் பார்க்க வேண்டும் என்று கண்ணை மூடுவதும், ஷ்டுட்கார்ட்டில் பிறர் பார்த்துவிடுவார்களே என்று கண்ணைத் திறந்துவைத்திருப்பதும், இரண்டுமே பக்கத்து நாற்காலிக்காரருக்காகச் செய்யப்படுபவை. தானியேலை நினைத்துப் பாருங்கள். ராஜாவின் தடைக்கட்டளை எழுதப்பட்டது என்று அறிந்தபின்பும் அவர் தம் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த பலகணிகளுக்கு முன்னால், முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் ஜெபித்தார். எதிர்ப்பைக் காட்டுவதற்காகப் புதிதாக ஜன்னலைத் திறக்கவுமில்லை, பயந்து மூடவுமில்லை. விடுதி அறையில் தனியாக உண்ணும்போது ஜெபித்துவிட்டுத்தான் உண்பீர்கள் என்றால் பணியாளர் உணவறையிலும் அதே அளவுக்கு, அதே சில நொடிகள் செய்யுங்கள். தனி அறையில் செய்வதில்லை என்றால் அங்கேயும் வேண்டாம். ஜெர்மன்காரர்கள் ஒரு முறை ஏறிட்டுப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் தட்டைப் பார்ப்பார்கள்.

உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே அவர்கள் காண்பது நற்கிரியைகளை, மகிமைப்படுத்துவது பிதாவை. உங்கள் வேலையில் அதன் பொருள், படுக்கைப்புண் உள்ள நோயாளியை யாரும் சரிபார்க்காத அதிகாலை வேளையிலும் அட்டவணைப்படி புரட்டிப் படுக்கவைப்பதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நோயாளியிடம் நீங்களாக மதம் பேச வேண்டாம். படுத்திருப்பவர் எழுந்து போக முடியாதவர். அவரே ஜெபிக்கக் கேட்டால், கையைப் பிடித்துச் சுருக்கமாக ஜெபிக்கலாம். அதற்கு மேல் பேச விரும்பினால் மருத்துவமனையின் ஆன்மப் பராமரிப்பாளரை அழைத்துவிடுங்கள், பெரும்பாலான மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் உண்டு.

அம்மா கேட்கும் படத்தை வைத்து அவர்களுக்குப் பிரசங்கம் செய்துவிடாதீர்கள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது "மகள் அங்கே ஆலயத்துக்குப் போகிறாளா" என்று நான்கு பேர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிறு மாலையில் அழைத்து, அன்று வாசித்த வேதபகுதி எது, புரிந்த ஜெர்மனில் ஆயர் சொன்னது என்ன, புரியாமல் போனது எவ்வளவு என்று சொல்லுங்கள். போகாத வாரத்தில் போகவில்லை என்றே சொல்லுங்கள். அப்படிச் சில வாரம் பேசினால் படம் கேட்பது தானாகக் குறையும்.

படிவத்தைக் கடைசிக்கு வைத்தேன். புது வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். மதக் கட்டத்தில் புராட்டஸ்டண்ட் என்றோ கத்தோலிக்கர் என்றோ எழுதினால் சம்பளத்திலேயே திருச்சபை வரி பிடிப்பார்கள். 1919ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலிருந்து இன்றைய சாசனம் அப்படியே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. விகிதம் சம்பளத்தில் அல்ல, வருமான வரியில் கணக்கிடப்படும். நீங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9. வருமான வரி மாதம் 300 யூரோ என்றால் திருச்சபை வரி 24 யூரோ. இந்த 24 யூரோவை மிச்சம்பிடிக்க "மதம் இல்லை" என்று எழுதிவிட்டு, ஊழியத்துக்குக் கொடுத்த காசோலையைப் படம் எடுத்துப் போடுகிறவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியாவும் சப்பீராளும் செய்த பிழை நிலத்தின் விலையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது அன்று. நிலம் உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததுபோல் காட்டியதுதான் பிழை.

அதனால், அந்த ஊர்ச் சபையில் ஐக்கியமாக மனம் இருந்தால் புராட்டஸ்டண்ட் என்று எழுதி வரியைச் செலுத்துங்கள். நம் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கு அதுவே பொருந்தும். வரி வாங்காத சுயாதீனச் சபை ஒன்றில் சேர்ந்து அங்கே காணிக்கை கொடுப்பதென்று தீர்மானித்தால் கட்டத்தை வெறுமையாக விடலாம், அதிலும் குற்றமில்லை. கத்தோலிக்கரான காந்தல் தோழி மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும்: பதிந்த பிறகு வரிக்காக அரசு அலுவலகத்தில் விலகல் கையெழுத்திட்டால், ஜெர்மானிய ஆயர்கள் 2012இல் வெளியிட்ட ஆணையின்படி அவர் நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களைப் பெற முடியாது. பதிவு முடிந்து வரும் முதல் சம்பளச் சீட்டில் அந்த வரி எந்தத் திருச்சபையின் பெயரில் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று இருவரும் பாருங்கள். தவறான பெயரில் இருந்தால் முகவரிப் பதிவு அலுவலகத்தில் உடனே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள், சம்பளப் பிரிவில் சொல்லிப் பயனில்லை.