கன் பொய் சொல்லுதா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி எக்ஸ்ஆர்எஃப் கன் பத்தித்தான், அதாவது எக்ஸ்-ரே அடிச்சு உலோகத்துல எந்தெந்த தனிமம் எவ்வளவு இருக்குன்னு சொல்ற மெஷின். அதனால வெல்டிங் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: பிஎம்ஐ கன் (எக்ஸ்ஆர்எஃப் கன்தான்) வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ரெண்டு வாரமா எந்த எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பை ஷூட் பண்ணாலும் அலுமினியம் ஒண்ணரை, ரெண்டு சதவீதம்னு காட்டுது. சப்ளையர்கிட்ட சண்டையே போட்டாச்சு. கன் போயிடுச்சா? (அம்பத்தூர்)

முதல்ல அந்த சப்ளையருக்கு ஒரு டீ வாங்கி குடுத்துடுங்க சார். கன்னோட பெட்டியில ஒரு 316 காயின் (316-ங்கறது ஒரு எஸ்எஸ் ரகம்) வந்திருக்கும், அதை ஷூட் பண்ணுங்க, அதுலயும் அலுமினியம் வந்தா பைப் மேல தப்பே இல்ல, கன்னோட மூக்குலதான் தப்பு. மூக்குல ஒரு மெல்லிசு பிலிம் ஒட்டியிருக்கும், நிறைய மாடல்ல நாலு மைக்ரான்தான் இருக்கும், அதுல தூசி ஒட்டிட்டா ஒவ்வொரு ஷாட்லயும் அந்த தூசியையும் சேர்த்துத்தான் படிக்கும். அலுமினியம், சிலிக்கான் மாதிரி லேசான தனிமத்தோட எக்ஸ்-ரே ரொம்ப சோப்ளாங்கி, பைப்புக்குள்ள கொஞ்சம் ஆழத்துல இருந்து கிளம்பினாகூட வெளிய வராது. அதனால பிலிம் மேல உக்காந்திருக்கற துளி தூசிகூட பெரிய நம்பரா தெரியும்.

எனக்கே இது நடந்திருக்கு. ஒரு ஒர்க்‌ஷாப்ல காலையில கன் சரியா இருந்துச்சு, மதியம் எல்லா ராடும் பெயில். பிலிமை கழட்டி டியூப்லைட் வெளிச்சத்துல பிடிச்சா சாம்பல் கலர்ல மினுமினுன்னு பொடி. பக்கத்து பெஞ்சுல ஒரு பையன் அலுமினிய பிராக்கெட்டை கிரைண்ட் பண்ணிட்டு, அதே கையோட வந்து கன்னை எடுத்திருக்கான்.

புது பிலிம் போடுங்க, ஆனா உங்க மாடலுக்குன்னு வர்றதை மட்டும் போடுங்க. கடினமா இருக்கேன்னு தடிமனான கேப்டான் (ஒரு வகை பிளாஸ்டிக்) பிலிம் போட்டா மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மூணும் கண்ணுக்கே தெரியாம போயிடும். பிலிம் கழட்டியிருக்கறப்போ ஏர் கன்னால ஊதிடாதீங்க! உள்ள டிடெக்டர் முன்னாடி முடியை விட மெல்லிசான ஜன்னல் இருக்கு, பொதுவா பெரிலியம், அது உடைஞ்சா டிடெக்டரே மாத்தணும், பெரிலியம் தூள் உடம்புக்கும் ஆகாது. பைப்போட முனை மூக்குல குத்தி பிலிம் கிழிஞ்சிருந்தா அதோட வேலையை நிறுத்திடுங்க, ‘இந்த ஒண்ணு மட்டும்’னு ஷூட் பண்ணவங்கதான் பெரிய பில் கட்டியிருக்காங்க.

கேள்வி: 316-ஆ 316எல்-ஆன்னு கன்ல பிரிக்க முடியுமா? சர்வீஸ் ஆள் செட்டிங் மாத்தினா வரும்ங்கறார். (ராணிப்பேட்டை)

எந்த செட்டிங்லயும் வராது. ரெண்டுக்கும் வித்தியாசம் கார்பன்தான், 316-ல 0.08 வரைக்கும், எல்-ல 0.03 வரைக்கும். கார்பனோட எக்ஸ்-ரே காத்தைத் தாண்டி டிடெக்டருக்கே வந்து சேராது. ஸ்பார்க் ஓஇஎஸ் (தீப்பொறி விட்டு அதோட வெளிச்சத்துல தனிமத்தை அளக்கற மெஷின்) வேணும், இல்லன்னா கார்பன் படிக்கற லேசர் கன். மாலிப்டினம் 2-லேர்ந்து 3-க்குள்ள இருக்கான்னு பாத்து, 304-ஐ 316-னு ஏமாத்தறதை வேணா இந்த கன்ல பிடிக்கலாம்.

கேள்வி: அடகுக்கு வந்த வளையல் எக்ஸ்ஆர்எஃப்ல 91.8 டச் (நூத்துக்கு எவ்வளவு தங்கம்ங்கற கணக்கு) காட்டுச்சு. மீட்கல, உருக்கினா 60-க்கு கீழ. மெஷின்காரர் மெஷின் சரிங்கறார், எங்களுக்கு நஷ்டம் யார் குடுப்பா? (சேலம்)

மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு, அதுதான் கொடுமை. தங்கத்துக்குள்ள அது மேலோட்டமா பத்து மைக்ரான் அளவுக்குத்தான் பாக்கும். அதை விட தடிமனா முலாம் பூசிட்டா உள்ள வெள்ளியோ செம்போ எது இருந்தாலும் அதுக்கு தெரியாது. முலாமே பூசாமலும் இது நடக்கும்: ஆசிட்ல போட்டு எடுத்தா மேல்தோல்ல இருக்கற செம்பு கரைஞ்சு போய் தங்கம் மட்டும் நிக்கும், அதனால நல்ல நகையிலகூட மேல ஒண்ணு ரெண்டு டச் கூடுதலா வரும்.

அந்தக் காலத்து ஆளுங்க உரைகல்ல ஒரே இடத்துல அழுத்தி அழுத்தி உரைச்சது சும்மா இல்ல. நீங்களும் உள்பக்கமா யாருக்கும் தெரியாத இடத்துல, கஸ்டமர்கிட்ட கேட்டுட்டு, சின்னதா அரம் போட்டு அந்த இடத்தை ஷூட் பண்ணுங்க, மேல ஒரு நம்பர் அரம் போட்ட இடத்துல வேற நம்பர்னா கதை முடிஞ்சுது. தண்ணியில எடை போட்டும் பாக்கலாம். 22 கேரட் பத்து கிராம்னா தண்ணிக்குள்ள அரை கிராமுக்கு கொஞ்சம் மேல, 0.56 கிட்டத்தான் குறையணும், உள்ள வெள்ளி இருந்தா 0.9 வரைக்கும்கூட போகும். அரக்கு வெச்சது, கல் வெச்சது, உள்கூடு நகை இதுக்கெல்லாம் இந்த கணக்கு செல்லாது. சொக்கத்தங்க பிஸ்கட்டுக்கும் இதை நம்பாதீங்க, டங்ஸ்டனோட அடர்த்தி 19.25, தங்கம் 19.3, தராசு ரெண்டையும் ஒண்ணுன்னுதான் சொல்லும். பெரிய தொகைன்னா ஃபயர் அஸ்ஸே (உருக்கி, தங்கத்தை மட்டும் பிரிச்சு எடை போடற சோதனை) பண்ணிடுங்க, கொஞ்சூண்டு வெட்டி எடுப்பாங்க, ஆனா பதில் பதிலா இருக்கும்.

நஷ்டத்தை யார் குடுப்பாங்கன்னு கேட்டீங்களே, அதுக்கு நம்ம இதழோட வக்கீல் பக்கம்தான் பதில் சொல்லணும்.

கேள்வி: சின்ன ஸ்க்ராப் துண்டை எங்க ஆள் விரல்ல பிடிச்சு ஷூட் பண்றான். பத்து வருஷமா ஒண்ணும் ஆகலைங்கறான். (கோயம்புத்தூர்)

இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. மூக்குல இருந்து கிளம்பற பீம்ல டோஸ் ரொம்ப அதிகம், மெல்லிசு துண்டுன்னா தாண்டி விரலுக்கு வந்துடும், தோல்ல வர்ற கோளாறு அன்னிக்கே தெரியாது. துண்டை பெஞ்ச் மேல வெச்சு கன்னை மேல இருந்து அழுத்துங்க, நிறைய இருந்தா மூடி போட்ட ஸ்டாண்டு வாங்குங்க. பெஞ்சுக்கு கீழ யாரும் கால் நீட்டி உக்காரக்கூடாது, எதிர்ல ஆள் நிக்கக்கூடாது. துண்டு மெல்லிசா இருந்தா கன் பெஞ்சையும் சேர்த்து படிக்கும், அதனால இரும்பு டேபிள் வேண்டாம். கன் வெச்சிருக்க ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி இருக்கான்னும் ஓனரை கேளுங்க.

கேள்வி: அணுமின் நிலைய ஆர்டர். எஸ்எஸ் ராடுல கோபால்ட் 0.05-க்குள்ள இருக்கணும். கன் 0.21 ப்ளஸ் மைனஸ் 0.12-ங்குது. மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்டோம். சரிதானே? (திருச்சி)

அவசரப்பட்டுட்டீங்க. ஒவ்வொரு தனிமமும் தன் எண்ணுக்குத் தக்கபடி எக்ஸ்-ரே விடும்னு 1913-ல இங்கிலாந்து விஞ்ஞானி மோஸ்லி கண்டுபிடிச்சார் (ரெண்டு வருஷத்துல கல்லிப்போலி போர்ல செத்துப் போனார், வயசு 27). அந்த வரிசையில இரும்பு 26, கோபால்ட் 27. ஒவ்வொரு தனிமத்தோட எக்ஸ்-ரேயும் குறிப்பிட்ட சக்தியில கோடு கோடா வரும், அந்த சக்தியை கேஇவி-ல சொல்வாங்க. இரும்போட ரெண்டாவது கோடு 7.06 கேஇவி, கோபால்ட்டோட முதல் கோடு 6.93, ரெண்டும் தோள் உரசிட்டு நிக்கும். உங்க ராடுல எழுபது சதவீதம் இரும்பு, அது போடற நிழலையே கன் கோபால்ட்டுன்னு எண்ணியிருக்கலாம். ஈயத்துல ஆர்சனிக் காட்டறதும் இதே கூத்துதான்.

நேரத்தை நாலு மடங்கு ஆக்கினா அந்த ப்ளஸ் மைனஸ் பாதியாகும், அவ்வளவுதான், நிழல் போகாது. 0.05-க்கு இந்த கன் ஆளே இல்ல, லாட்ல ஒரு துண்டு வெட்டி லேபுக்கு ஐசிபி-க்கு (துண்டை கரைச்சு தனிமங்களை நுணுக்கமா அளக்கற சோதனை) அனுப்புங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ராடுல ஒட்டின சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துட்டு ‘முடிவு வரல, நிறுத்தி வெச்சிருக்கு’ங்கற மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைங்க.