காகத்தையும் எண்ணுங்கள்: பறவை நோக்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓராண்டாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் பறவைகளைப் பார்த்து, பறவை நோக்குவோரின் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்து வருகிறேன். பெரும்பாலும் காகம், மைனா, புறா, சிட்டுக்குருவி ஆகியவைதான் கண்ணில் படுகின்றன. இவற்றை நாள்தோறும் எழுதுவது வீண் வேலையாகத் தோன்றுகிறது. அபூர்வமான பறவை தென்படும் நாளில் மட்டும் பதிந்தால் போதாதா?

பதில்: போதாது. அப்படிச் செய்தால், இதுவரை நீங்கள் சேர்த்த பதிவுகளோடு இனி வருபவற்றை ஒப்பிடவே முடியாமல் போய்விடும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு பகுதியிலிருந்து நூறு பட்டியல்கள் வருகின்றன. அவற்றுள் அறுபதில் மைனா இருக்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ அதே நேரமும் அதே கவனமும் செலவிட்டு எழுதிய நூறு பட்டியல்களில் முப்பதில்தான் மைனா இருக்கிறது என்றால், அங்கு ஏதோ மாறியிருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. ஆனால் நோக்குவோர் எல்லோரும் “மைனாதானே” என்று எழுதாமல் விட்டிருந்தால், எதிரிலுள்ள மரத்தில் அது கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போதே தாளில் அழிந்துபோயிருக்கும்.

பட்டியலைச் சமர்ப்பிக்கும்போது, அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எழுதிவிட்டீர்களா என்று தளம் கேட்பது இதற்காகத்தான். ஆம் என்று சொன்னால் அது முழுப்பட்டியலாகிறது. முழுப்பட்டியலில் இடம்பெறாத பறவையும் ஒரு செய்தியைச் சொல்கிறது. இத்தனை நிமிடம், இத்தனை பேர், இவ்வளவு தூரம் நடந்து பார்த்தும் அது தென்படவில்லை என்பதே அந்தச் செய்தி. எனவேதான் தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள், நடந்த தொலைவு ஆகியவற்றைப் பறவைகளின் பெயர்களுக்கு இணையான அக்கறையோடு குறிக்க வேண்டும்.

இதன் பயனுக்குச் சான்று உண்டு. வட அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில், தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஒரே சாலைவழியில் சென்று, 50 இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய பறவைகளையெல்லாம் எண்ணுகிறார்கள். கேட்பதற்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அக்கண்டத்தில் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளியான ஆய்வு, பெருமளவு இத்தகைய நீண்டகாலக் கணக்கெடுப்புகளை நம்பியே எழுதப்பட்டது. அந்த இழப்பின் பெரும்பகுதி, எங்கும் காணக் கிடைப்பவை என்று யாரும் கவலைப்படாத பறவைகளுடையது. அன்று அவற்றை எண்ணியவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டிருந்தால், குறைந்தது என்று இன்று சொல்வதற்கே ஆதாரம் இருந்திருக்காது.

அரை மணி நேரம் பாரமாகத் தோன்றினால் ஒரே இடத்தில் நின்று பதினைந்து நிமிடம் பாருங்கள். அபூர்வப் பறவையைத் தேடி அலைவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த ஆசை இல்லாமல் இந்தப் பக்கம் வந்தவர் மிகச் சிலரே. காகத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: மெர்லின் செயலி ஒரு குரலைக் கேட்டு, நான் இதுவரை பார்த்திராத பறவையின் பெயரைக் காட்டியது. பட்டியலில் சேர்த்தேன். சில நாள்களில் சரிபார்ப்பவர் ஒருவர் விவரம் கேட்டு எழுதியிருக்கிறார். என்னைப் பொய்யன் என்று நினைக்கிறார்களோ என்று மனம் வருந்துகிறது.

பதில்: வருந்த வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை, எத்தனை வரை எதிர்பார்க்கத்தக்கது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதை மீறும் பதிவு தானாகவே தனியே நிறுத்தப்பட்டு, அப்பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவரின் பார்வைக்குச் செல்கிறது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இத்தகைய கடிதம் வருவதுண்டு. விவரம் போதாமல் அவர் ஏற்க மறுத்தாலும், அப்பறவை உங்கள் சொந்தப் பட்டியலை விட்டுப் போய்விடாது; பொதுவில் காட்டும் வரைபடங்களிலும் ஆய்வுகளிலும் மட்டும் சேராது.

ஆனால் உங்கள் பதிவைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்தச் செயலி ஒலியை ஒரு படமாக மாற்றி, தான் முன்பு பழகிய படங்களோடு ஒப்பிட்டு, எது பொருந்தக்கூடும் என்று சொல்கிறது. அது ஒரு துப்பு மட்டுமே. பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் பறவைகள் இருக்கின்றன. கரிச்சான் வல்லூறைப் போலக் குரல் கொடுத்து ஏய்க்கும். அந்தக் குரலில் ஏமாந்து வல்லூறு என்று எழுதி, பிறகு கம்பியின் மேலிருந்த கரிச்சானைக் கண்டு, எழுதிய பெயரை நானும் அடித்துத் திருத்தியிருக்கிறேன். பெயர் திரையில் தோன்றியதும், குரல் வந்த திசையில் பறவையைத் தேடுங்கள். காண முடியாவிட்டால், அந்தக் குரலை நீங்களே முன்பு கேட்டுத் தெளிந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

சரிபார்ப்பவருக்குப் பதில் எழுதும்போது நூலில் உள்ள வருணனையைப் பார்த்து எழுத வேண்டாம். எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம், பறவையின் எந்தப் பகுதியைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். குரலைப் பதிவு செய்திருந்தால் இணைத்துவிடுங்கள். உறுதி இல்லையென்றால், இனத்தின் பெயரைக் கைவிட்டு “கழுகு வகை”, “கதிர்க்குருவி வகை” என்று பொதுவாகக் குறிக்கவும் தளத்தில் வழி இருக்கிறது. பாதி தெரிந்ததைப் பாதியாக எழுதுவதில் இழிவில்லை. தவறான பெயரோடு எழுதப்பட்ட பதிவைப் பின்னால் கண்டுபிடித்து நீக்குவதுதான் கடினம்.

கேள்வி: மாலையில் கூடடையச் செல்லும் பெருங்கூட்டங்களை எப்படி எண்ணுவது? எண்ணி முடிப்பதற்குள் பறந்துவிடுகின்றன.

பதில்: முதலில் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள பங்குகள் மொத்தக் கூட்டத்தில் எத்தனை இருக்கும் என்று பாருங்கள். கூட்டம் மிகப் பெரிதென்றால் பத்துக்குப் பதிலாக ஐம்பதோ நூறோ கொண்ட பங்காக வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் ஒரு படம் எடுத்து, வீட்டில் நிதானமாக எண்ணி, உங்கள் மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். பெரிய கூட்டங்களை நம் கண் குறைத்தே மதிப்பிடும் என்பது அப்போது தெரியவரும். எண்ணவே இயலாதபோது எண்ணுக்குப் பதிலாக X என்ற குறி இடலாம். பறவை இருந்தது என்பதையாவது அது சொல்லும். ஆயினும் “ஏறத்தாழ 200” என்ற நேர்மையான மதிப்பீடு அந்தக் குறியைவிடப் பலமடங்கு உதவும்.

கேள்வி: எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: 8x42 என்று குறிக்கப்பட்டதைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடியலின் மங்கிய ஒளியிலும் தெளிவாகத் தெரியும். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரியும். கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே பார்த்து வாங்குவது நல்லது.

கேள்வி: ஓர் ஆந்தையின் கூட்டைக் கண்டுபிடித்தேன். இடத்தைச் சொல்லும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். பதிவுக்கும் இடம் தேவைதானே?

பதில்: பதிவுக்குத் தேவை, நண்பர்களுக்குத் தேவையில்லை. வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் இனங்கள் சிலவற்றின் துல்லியமான இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. அந்த வரிசையில் உங்கள் ஆந்தை இல்லாவிட்டால், பட்டியலைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். குஞ்சுகள் பறந்து சென்ற பின் திறந்துவிடலாம். ஆய்வுக்கு அதனால் குறைவில்லை. படத்தில் கூட்டோடு, அடையாளம் தெரியக்கூடிய கட்டடமும் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுத் தாய்ப்பறவையை வெளியே வரவழைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அது எதிரியைத் துரத்த எழும் நேரத்தில் முட்டைகள் குளிர்ந்து கிடக்கும்.

கேள்வி: என் தந்தையார் எழுதிவைத்த பழைய பறவைக் குறிப்பேடுகள் கிடைத்துள்ளன. அவற்றைத் தளத்தில் ஏற்றலாமா?

பதில்: அவசியம் ஏற்றுங்கள். தளம் 2002-இல் தொடங்கியதாயினும் அதற்கு முந்தைய பதிவுகளையும் ஏற்கிறது. அவர் தேதியும் இடமும் எழுதியிருந்தால் போதும். நேரமோ எண்ணிக்கையோ இல்லாத இடங்களில் ஊகித்து நிரப்ப வேண்டாம். அவர் எல்லாப் பறவைகளையும் எழுதினாரா என்பது தெரியாதாகையால், முழுப்பட்டியலா என்ற கேள்விக்கு “இல்லை” என்றே குறித்துவிடுங்கள். குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்துத் தனியே பத்திரப்படுத்துவதும் நல்லது. அவர் பழைய பெயர்களையோ வட்டாரப் பெயர்களையோ எழுதியிருந்தால், அந்தப் பெயரை அப்படியே குறிப்புப் பகுதியில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் பொருத்திய இனம் தவறென்று பின்னால் தெரிந்தால், வேறொருவர் திருத்துவதற்கு அது ஒன்றே வழிகாட்டும்.