டிராஸ்டுசுமாப் ஊசிச் செலவைக் குறைக்க என்ன வழி? மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்தில் சேர்வது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய். எடை 60 கிலோ. டிராஸ்டுசுமாப் ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் ஒரு வருடம் போட வேண்டும் என்கிறார் டாக்டர். முதல் ஊசி அடுத்த வாரம். கம்பெனிகளே நோயாளிகளுக்கு உதவித் திட்டம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதில் எப்படிச் சேர்வது? வேறு எங்கே உதவி கிடைக்கும்?

பதில்:

முதல் ஊசியை நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்பது பெரிய சாதகம். அரசு நிதியோ கம்பெனித் திட்டமோ, ஏறக்குறைய எல்லாமே இனி ஆகப்போகும் செலவுக்குத்தான் கைகொடுக்கும். நகையை அடகு வைத்து நாலு ஊசி போட்டுவிட்டு, அதற்குப் பிறகு பில்லோடு அலைகிற குடும்பங்கள்தான் அதிகம். அந்த நாலு ஊசிப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. இந்த ஒரு வாரத்தை விண்ணப்பங்களுக்கே செலவிடுங்கள்.

டாக்டரிடம் முதலில் ஒரு செலவு மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயர், ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம், மொத்தம் எத்தனை தடவை, மொத்தச் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணும் மருத்துவமனை முத்திரையும் அவசியம். நாலைந்து அசல் பிரதிகளாகவே கேளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் ஜெராக்ஸ் செல்லாது. பயாப்சி அறிக்கையையும் பாருங்கள். இந்த மருந்து குறிவைக்கும் ஹெர்2 புரதம் கட்டியில் எவ்வளவு என்று பார்ப்பது ஐ.எச்.சி. சோதனை; அதில் ஹெர்2 '3+' என்றிருந்தால் பிரச்சினை இல்லை. '2+' என்றிருந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை, ஹெர்2 மரபணுவையே பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் போகும் விண்ணப்பம் திரும்பி வந்து, ஒரு ஊசிக் காலமே வீணாகும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தொடங்குங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிய வேண்டும். கார்டு ஏற்கெனவே இருந்தால் அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கார்டில் பெயர் மாறியும் காப்பீட்டில் மாறாமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு, நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. புற்றுநோய்ப் பிரிவுக்கும் இந்த மருந்துக்கும் அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டு கவுன்ட்டரில் குறிப்பாகக் கேளுங்கள். மருத்துவமனை முன்அனுமதி வாங்கிய பிறகே ஊசி போட வேண்டும். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 எண்ணில் புகார் செய்யலாம்.

இனி கம்பெனித் திட்டம். இது இரண்டு வகை. வருமானத்தைப் பார்த்து முழுக்க இலவசமாகத் தருவது ஒன்று. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப்பை நோவார்டிஸ் மேக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகக் கொடுத்தது இந்த வகை. இன்னொன்று, இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்பது. இப்போது நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். நேரடியாகக் கம்பெனிக்கு எழுதிச் சேர முடியாது. டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வழியாகத்தான் பதிவு. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், எந்த மருந்துக்கு எந்தத் திட்டம் என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியும். அவரைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

இந்தத் திட்டங்களில் காரியம் கெடுவது சின்ன விஷயங்களில்தான். பதிவுக்கு முந்தைய பில் பொதுவாகக் கணக்கில் வராது. அவர்கள் சொன்ன விநியோகஸ்தரிடம் வாங்காத மருந்தும் அப்படித்தான். பில்லில் நோயாளியின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். காலி அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கேட்பதும் உண்டு, அதனால் எதையும் தூக்கி எறியாதீர்கள். விவரங்களைச் சரிபார்ப்பதற்காக, உங்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். எடுக்காமல் விட்டால் கோப்பு அப்படியே தூங்கும். இலவச ஊசிக்கான கோரிக்கையைப் பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

திட்டம் இருக்கிறது என்பதற்காகவே அந்த பிராண்டில் சேர்ந்துவிடாதீர்கள். டிராஸ்டுசுமாப்புக்கு இந்தியாவில் 2014 முதலே பயோசிமிலர் (மூல மருந்துக்கு நிகராக வேறு கம்பெனி தயாரிப்பது) கிடைக்கிறது, இன்று பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. கணக்குக்காக மட்டும் ஒரு உதாரணம்: ஒரு குப்பி 50,000, மூன்று வாங்கினால் இரண்டு இலவசம் என்றால் சராசரி 30,000. பயோசிமிலர் எந்தத் திட்டமும் இல்லாமலே 20,000-க்குக் கிடைத்தால் அதுதானே மலிவு? வருடக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நடுவில் பிராண்ட் மாற்றினால், இலவசத்துக்காக அதுவரை வாங்கிச் சேர்த்த கணக்கும் போய்விடும். அட்டையில் அச்சிட்ட விலையை வைத்தும் ஒப்பிடாதீர்கள். இந்த மருந்தின் அட்டை விலைக்கும் விநியோகஸ்தர் தரும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். மருத்துவமனை மருந்தகம், மத்திய அரசின் மலிவு விலை அம்ரித் மருந்தகம், வெளி விநியோகஸ்தர் மூன்று இடத்திலும் எழுத்தில் விலை வாங்குங்கள். வெளியே வாங்குவதானால் மருத்துவமனை அதை ஏற்குமா என்று முன்பே கேளுங்கள். ஐஸ் பேக் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும், உறையவும் விடக்கூடாது.

பலரும் கவனிக்காத செலவு ஒன்று உண்டு: குப்பியில் மிஞ்சும் மருந்து. முதல் டோஸ் கிலோவுக்கு 8 மில்லிகிராம், அடுத்தடுத்து 6. அம்மாவுக்கு முதலில் 480, பிறகு ஒவ்வொரு தடவையும் 360. குப்பி 440 மில்லிகிராம். மிச்சத்தைக் கொட்டிக்கொண்டே போனால் 18 ஊசிக்கு 19 குப்பி ஆகும். ஆனால் 440 குப்பியோடு வரும், கிருமித்தடுப்பான் சேர்ந்த நீரில் கரைத்தால் அதைக் குளிர்பதனத்தில் 28 நாள் வரை வைக்கலாம். அடுத்த ஊசி 21-ஆம் நாளே வருகிறது. மிச்சத்தை அடுத்த தடவைக்குச் சேர்த்தால் 16 குப்பியில் முடியும், மூன்று குப்பிச் செலவு குறையும். கலக்கிய தேதியும் நேரமும் நோயாளி பெயரும் எழுதி மருத்துவமனையிலேயே வைக்க வேண்டும், வீட்டு ஃபிரிட்ஜில் கூடாது. 150 மில்லிகிராம் குப்பிக்கும், சாதாரண ஊசி நீரில் கரைத்ததற்கும் இந்த 28 நாள் பொருந்தாது. முதல் ஊசிக்கு முன்பே தலைமை நர்சிடமோ மருந்தாளுநரிடமோ பேசி வைத்துவிடுங்கள்.

கால அளவையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். ஒரு வருடம்தான் வழக்கம். 6 மாதம் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஈடாக இருந்ததாக 2019-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் அது பொருந்தாது, முடிவு டாக்டருடையது. ஆனாலும் பணம் இல்லாமல் ஏழாவது ஊசியோடு சொல்லாமல் நின்றுவிடுவதைவிட, எவ்வளவு முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதற்கேற்ப அவர் திட்டமிடுவார்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அசல் மதிப்பீட்டுக் கடிதம், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் போட்டோ தேவை. அரசு மருத்துவமனையாகவோ அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். பணம் மருத்துவமனைக்கே போகும், செலவில் ஒரு பகுதிதான் கிடைக்கும். கட்டி முடித்த பில்லுக்கு இங்கேயும் இடமில்லை.

வெளியூரிலிருந்து வருவதானால் ரயில் சலுகையை விடாதீர்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் கிடையாது, உடன் வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ரயில்வே படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அடுத்த ஊசித் தேதி குறிக்கும்போதே அந்தப் படிவத்தையும் நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.