ஆன்லைன் கோர்ஸ் மட்டும் படித்துவிட்டு ஐஐஎஸ்சியில் ஏரோஸ்பேஸ் சேர முடியுமா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், என்பிடெல் (ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் ஆன்லைன் பாடங்கள்) வீடியோக்கள் பார்த்து ஏரோஸ்பேஸ் கற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேர முடியும். நானும் மெக்கானிக்கல்தான். அந்த வழியில்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு, அதாவது ஐஐஎஸ்சிக்கு, எம்.டெக். ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தேன். (இங்கே பஸ்ஸிலும் ஆட்டோவிலும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.)

எனக்குப் பணகுடி. மொட்டை மாடியில் நின்றால் மகேந்திரகிரி தெரியும். இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற இடம். ஆசை அங்கே பிடித்தது.

என்பிடெல்லில் முதலில் எடுத்தது கேஸ் டைனமிக்ஸ், அதிவேகத்தில் பாயும் வாயுக்களைப் பற்றிய 12 வாரக் கோர்ஸ். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன், எல்லாம் புரிந்தது போலவே இருந்தது. அசைன்மென்ட்டைத் திறந்தால் ஒரு கணக்கும் வரவில்லை. அப்புறம் முறையை மாற்றினேன். பேராசிரியர் கணக்கை எழுதியதும் வீடியோவை நிறுத்திவிடுவேன். நானே போட்டு முடித்த பிறகுதான் மறுபடி ஓடும். அரை மணி நேர வீடியோவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும்.

ஒரு கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வரும் காற்று, 10 டிகிரி சரிவுள்ள, கூர்முனை கொண்ட ஆப்பின் (wedge) மேல் மோதுகிறது. அங்கே உண்டாகும் அதிர்வலை (காற்றின் அழுத்தம் சட்டென்று ஏறும் மெல்லிய எல்லை) எந்தக் கோணத்தில் நிற்கும்? கால்குலேட்டரில் ஒவ்வொரு கோணமாகப் போட்டுப் பார்த்து 39.3 டிகிரிக்கு வந்தேன். ஆசையில் ஆப்பை 25 டிகிரியாக்கிப் பார்த்தேன். எந்தக் கோணத்தைப் போட்டாலும் விடை ஒட்டவில்லை. இரவு ஒரு மணிக்குத்தான் பிடிபட்டது: அந்த வேகத்தில் சுமார் 23 டிகிரி வரைதான் அலை ஆப்பின் நுனியில் ஒட்டி நிற்கும். அதைத் தாண்டினால் விலகி, வில்லாக வளைந்து முன்னால் நிற்கும்.

கேட் (GATE, பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) எழுதாமல் இந்த வழி திறக்காது, அதற்குத் தனியாக உழைக்கவேண்டும். மதிப்பெண் வந்ததும் நேர்காணல். பிடித்த பாடம் கேட்டார்கள், கேஸ் டைனமிக்ஸ் என்றேன். போர்டில் ஆப்பு வரையச் சொன்னார்கள். "கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால்?" அந்த இரவில் பார்த்ததை அப்படியே வரைந்தேன். கோர்ஸ் சான்றிதழ்கள் ஃபைலிலேயே இருந்தன, யாரும் கேட்கவில்லை.

அதனால் பத்து கோர்ஸ் சேர்க்காதீர்கள். வெக்டர் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் இரண்டையும் முதலில் உறுதியாக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏரோடைனமிக்ஸ், கேஸ் டைனமிக்ஸ் போதும்.

வீட்டிலிருந்து கிடைக்காதது ஒன்று உண்டு. பின்னாளில் இஸ்ரோ தலைவரான சதீஷ் தவான் 1950-களில் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் (ஒலியைவிட வேகமாகக் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் குழாய்) அமைத்த வளாகம் இது. இங்கே வந்த பிறகு ஒருநாள் சுரங்கத்தை ஓட்டினார்கள். காது அடைக்கும் சத்தம், சில விநாடிகள்தான். காற்றின் அடர்த்தி மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டும் ஷ்லீரன் படத்தில் ஆப்பின் நுனியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு சாய்வாகக் கிளம்பி நின்றது. நான் நோட்டில் எத்தனையோ முறை ஸ்கேல் வைத்து வரைந்த அதே கோடு.