துணிப்பை, உரத்தொட்டி என்று பேசினாலே திட்டுகிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

கேள்வியில் கேட்டிருப்பது இது: பிளாஸ்டிக்கைக் குறைப்பது, வீட்டுக் குப்பையை உரமாக்குவது பற்றியெல்லாம் எழுதுகிறேன், பேசுகிறேன். நக்கலும் வசவும்தான் அதிகம் வருகிறது. பதில் சொல்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

பதில் சொல்லுங்கள். ஆனால் திட்டுக்குள் ஒரு கேள்வி இருந்தால் அந்தக் கேள்விக்கு மட்டும் சொல்லுங்கள். கேள்வியே இல்லாத வெறும் வசவு என்றால் அதற்குப் பதில் எழுதும் நேரத்தில் இரண்டு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம்.

சென்னையில் ஓர் அடுக்ககத்தில் இருந்துகொண்டு இதையே பேசிக்கொண்டிருப்பவள் நான். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், முகம் தெரியாதவர்கள் என்று எல்லாரிடமும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். பார்த்தவரையில், "நான் கடைக்குத் துணிப்பை எடுத்துப் போகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை. "பூமியைக் காப்பாற்றத் துணிப்பை எடுத்துப் போகிறேன்" என்றால்தான், கையில் கேரிபேக்கோடு நிற்கிறவருக்கு "அப்போ நான்தான் பூமியைக் கெடுக்கிறேனா?" என்று சுருக்கென்கிறது. அங்கிருந்துதான் வசவு கிளம்புகிறது. ஆகவே பதில் எழுத உட்காரும் முன்னால், நாம் எவ்வளவு பெரிதாகச் சொல்லியிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நம் வீட்டு அளவுக்குப் பேச்சைச் சுருக்கிக்கொண்டால் எதிராளிக்குப் பிடித்து உலுக்க அதிகம் கிடைக்காது.

எங்கள் மொட்டை மாடியில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து உரத்துக்கு டிரம்கள் வைத்திருக்கிறோம். ஒருநாள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: "மேடம், உங்க ஆர்கானிக் புரட்சியெல்லாம் உங்க பெட்ரூம்ல வெச்சுக்கோங்க. எங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கு." கீழே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

பதிலுக்கு எழுத என்னிடம் நிறையவே இருந்தது. திடக்கழிவு விதிகளின்படி குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நம் எல்லாருடைய கடமை என்று ஆரம்பித்திருக்கலாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து, சுற்றுவட்டாரமே புகையில் திணறியதை நினைவுபடுத்தியிருக்கலாம். ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது வரும் மீத்தேன் அந்த மாதிரி இடங்களில் தீயை வளர்க்கிறது என்று பாடம் எடுத்திருக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஏன் நாறுகிறது?

மாடிக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். யார் வீட்டு விசேஷமோ, மீந்த சாம்பார் சாதத்தைக் கொண்டுவந்து ஒரு டிரம்மில் அப்படியே கவிழ்த்திருந்தார்கள். அடியில் தண்ணீர் தேங்கி, காற்று உள்ளே போக வழியில்லாமல் புளித்த வாடை அடித்தது. உரம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஈரம் ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு பங்காவது வேண்டும். வேப்பஞ்சருகும் தென்னை நார்க் கழிவும் அள்ளிப் போட்டு, அடிவரைக்கும் கிளறி, டிரம்மின் பக்கவாட்டுத் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிட்டேன். அப்புறம் குழுவில் எழுதினேன்: "சார், ஒரு டிரம்மில் சமைத்த சாதம் விழுந்து ஈரம் அதிகமாகிவிட்டது. சருகு போட்டுக் கிளறியிருக்கிறேன். ரெண்டு மூணு நாளில் வாடை போகவில்லை என்றால் சொல்லுங்கள், அந்த டிரம்மை எடுத்துவிடுகிறேன்."

பெட்ரூமைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரிடமிருந்து பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்மணி, "புழு வந்தா என்னக்கா பண்றது?" என்று எனக்குத் தனியாகக் கேட்டிருந்தார். நாம் எழுதும் பதில் போய்ச் சேர வேண்டியது இந்த மாதிரி ஆட்களுக்கு. திட்டியவர் தபால்பெட்டி மாதிரி, அவர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, புள்ளிவிவரத்தோடு வரும் வசவு. எனக்கு மிகவும் பிடித்த வகை. "ஒரு காட்டன் பையை 20,000 தடவை உபயோகிச்சாத்தான் பிளாஸ்டிக் கவருக்குச் சமம். படிக்காம உளறாதே" என்று ஒருவர் வருவார். இவரை முட்டாள் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த எண் நிஜமானது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது ரசாயனம் போடாமல் விளைந்த பருத்தியில் புதிதாகத் தைத்த பைக்கு, எல்லா வகைப் பாதிப்புகளையும் கணக்கில் எடுத்து, அதில் ஆக மோசமானதை வைத்துச் சொன்ன எண். ஓசோன் படலப் பாதிப்புதான் அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிவிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தால் அதே ஆய்வில் அதே பைக்கு 149 முறை, சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை. வாரம் ஒருமுறை காய்கறி வாங்கப் போகிறவருக்கு 52 என்பது ஒரு வருஷம். இன்னொன்று, கண்ட இடத்தில் வீசப்படும் பை என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. அங்கே கவர் குப்பைத்தொட்டிக்குப் போய், பிறகு எரிஉலைக்குப் போகிறது. இங்கே மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது.

இவ்வளவையும் நிதானமாக எழுதிவிட்டு, அவருக்கு நன்றியும் சொல்வேன். கிண்டலுக்காகச் சொல்வதில்லை. புதிதாகப் பருத்திப் பை வாங்குவது ஒன்றும் புண்ணியமில்லை என்ற அவர் வாதம் சரிதானே? நம் ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கல்யாணத் தாம்பூலப் பைகள் ஒரு குவியல் கிடக்கும். மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்து, ஒரு தேங்காயும் வெற்றிலைப் பாக்கும் போட்டுக் கொடுத்து, அதற்கப்புறம் வெளிச்சமே பார்க்காத பைகள். 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்தபோதே எனக்குத் தோன்றியது, மீண்டும் வாங்கத் தேவையில்லை, அலமாரியைத் திறந்தால் போதும் என்று. அந்த 20,000 கணக்கு நம்மைக் கொண்டுபோய் விடுவதும் அந்த அலமாரியிடம்தான்.

இதற்குத் தம்பி முறை ஒரு வசவு உண்டு. "உலகத்துல நூறு கம்பெனிதான் 71 சதவீதம் மாசு பண்ணுது. நீ ஸ்ட்ரா இல்லாம இளநி குடிச்சு என்ன கிழிக்கப்போறே?" இதுவும் நிஜமான எண்தான், 2017-ல் வந்த அறிக்கை. 1988-க்குப் பிறகு தொழில்துறை சார்ந்து வெளியான, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 71 சதவீதத்துக்கு நூறு எரிபொருள் உற்பத்தியாளர்கள் வேர் என்றது அது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள். நம் கோல் இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் கணக்கில் மிகப் பெரும் பங்கு, எடுத்து விற்ற எரிபொருளை வாங்கியவர்கள் எரித்ததால் வந்தது. அதாவது கேள்வி கேட்பவரின் பைக்கில் இருக்கும் பெட்ரோலும் அந்த 71-க்குள் வரும்.

இதைச் சொல்லிவிட்டு உடனே அவர் பக்கமும் கொஞ்சம் போய்விடுவேன். சட்டம் செய்வதைத் தனி ஆள் செய்ய முடியாது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அந்த ஓர் அரசாணை செய்ததை நான் ஆயுளுக்கும் பை தூக்கி நடந்தாலும் செய்ய முடியாது. தடைக்குப் பிறகும் சந்தையில் கவர் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறதுதான். அதற்காகச் சட்டத்தையும் விடவேண்டாம், பையையும் விடவேண்டாம். என் இளநீரால் உலகம் மாறும் என்று நான் சொல்லியிருந்தால்தானே அதை நிரூபிக்க வேண்டும்?

"நீ மட்டும் செல்போன் வெச்சிருக்கே, ஏசி போடறே" என்பவருக்கு நீளமாக எழுத வேண்டாம். "ஆமாம், மே மாதம் போடுகிறேன்" என்று ஒப்புக்கொண்டால் போதும். துறவு பூண்டதாக நாம் எங்கும் அறிவிக்கவில்லை.

ஒரு வகை விமர்சனத்தை மட்டும் எவ்வளவு கடுமையாக வந்தாலும் முழுசாகப் படிக்கிறேன். "மூங்கில் பிரஷ்ஷும் கண்ணாடி பாட்டிலும் வாங்கி அடுக்குறது காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு" என்பது அதில் ஒன்று. இன்னொன்று இதைவிடக் காரம்: "பாட்டி காலம் பாட்டி காலம்னு உருகுறியே, உன் பாட்டி வீட்டுக் கக்கூஸை அள்ளினது யாரு?" வார்த்தை சுடும்தான். ஆனால் இதற்கு மறுப்பு எழுத முடியாது, எழுதவும் கூடாது. குப்பை கண்ணில் படாத அந்தக் காலம், அதை அள்ளுவதற்கென்று சில சாதிகளைத் தள்ளிவைத்திருந்த காலமும்தான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 2013-லும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. கிணற்றில் தண்ணீர் இறைத்து, அம்மியில் அரைத்து, விறகடுப்புப் புகையில் இருமியதும் பெண்கள்தான். அதனால் நான் "பழைய வாழ்க்கைக்குத் திரும்புவோம்" என்று எங்கும் எழுதுவதில்லை. பூந்திக்கொட்டையில் பாத்திரம் தேய்க்கிறீர்களா, நுரை எவ்வளவு வரும், எண்ணெய்ப் பிசுக்கு போகுமா என்று எழுதுங்கள். பாட்டியை இழுக்காதீர்கள். இந்த வகை விமர்சனத்துக்கு என் பதில் பெரும்பாலும் "சரிதான்" என்ற ஒரே சொல்.

இயற்கை விவசாயம் என்று வாயெடுத்தால் "இலங்கையைப் பார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பார்க்கத்தான் வேண்டும். 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஏறக்குறைய ஒரே அடியாக நிறுத்தினார்கள். மாற்று உரமும் இல்லை, விவசாயிக்கு அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, அதே ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். ஒரு நாடு அவசரப்பட்டுப் போட்ட உத்தரவுக்கு என் மாடிக் கத்தரிச்செடி ஜவாப்தாரி இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 1962-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கர் ராச்சல் கார்சனை உணர்ச்சிவசப்படும் பெண் என்று ஏசினார்கள். இவர் பேச்சைக் கேட்டால் இருண்ட காலத்துக்குத் திரும்பிவிடுவோம் என்று பூச்சிக்கொல்லி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவர் முழங்கினார். கார்சனோ, பூச்சிக்கொல்லியே கூடாது என்பது தன் வாதமில்லை என்று புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்தார். பின்னால் பல பக்கங்களுக்கு ஆதாரப் பட்டியலும் கொடுத்திருந்தார். 1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் வந்தபோது பதற்றமில்லாமல், அளந்து பேசினார். புற்றுநோய் முற்றியிருந்த நேரம் அது, அதை வெளியே சொல்லவில்லை. அடுத்த மாதமே அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கவலைகள் நியாயமானவை என்று அறிக்கை கொடுத்தது. ஏச்சுக்கு அவர் ஏச்சால் பதில் கொடுத்திருந்தால் அந்தச் சண்டைதான் ஊர்ப்பேச்சாகியிருக்கும்.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி "என்னம்மா, உன் ஒருத்தி பையாலதான் கடல் சுத்தமாகப் போகுதா?" என்கிற சித்தப்பாவிடம் டென்மார்க் ஆய்வையெல்லாம் விரிக்காதீர்கள். "இல்ல சித்தப்பா, கவருக்கு அஞ்சு ரூபாய் கேட்கிறான், அதான்" என்று சிரித்துவிட்டு ரசத்துக்கு இலையைக் காட்டுங்கள்.

நாப்கினுக்குப் பதிலாகக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப் பற்றி எழுதினால் வரும் ஆபாசத்தை மேலே சொன்ன எதிலும் நான் சேர்க்கவில்லை. பெண்கள் எழுதினால் நாலாவது ஆளாவது உடம்பைப் பற்றிப் பேச வந்துவிடுகிறான். இங்கே பொறுமையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அழித்துவிடலாம், ஆளைத் தடுத்துவிடலாம். மிரட்டல், தொடர்ந்து பின்தொடர்ந்து தொல்லை என்று போனால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 78-வது பிரிவு, மிரட்டல் 351-வது பிரிவு. ஒன்று மட்டும் கவனம்: தடுப்பதற்கு முன்னால், அவன் எழுதியது, பக்கத்தின் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுத்த பிறகு தேடினால் பல இடங்களில் அவன் பக்கமே உங்களுக்குத் தெரியாது.